தெரியாதது அவருக்கா, கருவிக்கா?

ரேஷன் கடை வரிசையில், நாற்பது வருஷம் நாற்று நட்ட கை ஒன்று முன்னால் நீள்கிறது. கட்டை விரலை மெஷினில் வைக்கச் சொல்கிறார் கடைக்காரர். பாட்டி வைக்கிறார். பதியவில்லை. "கையைத் துடைச்சிட்டு வைங்க பாட்டி." முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். பதியவில்லை. ஆள்காட்டி விரல், நடு விரல், பிறகு இடது கை. பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். "ரேகை தேஞ்சு போச்சுபோல" என்று யாரோ சொல்கிறார்கள். அரிசிப் பையைக் கக்கத்தில் இடுக்கியபடி, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறார் பாட்டி.

தமிழகத்தில் 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளுக்கு விரல் ரேகை முறை வந்தது. அன்றிலிருந்து ஏதாவது ஒரு கடையில் இந்தச் சிரிப்பைப் பார்க்க முடிகிறது. அந்தச் சிரிப்பைத்தான் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அங்கே தோற்றது மெஷின். வெட்கப்பட்டது மனுஷி.

விரல் ரேகை சும்மா தேய்வதில்லை. சேறு, செங்கல், சலவை சோப்பு, பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் என்று தினமும் எதனோடாவது உரசும் விரலில் கோடுகள் மழுங்கிப்போகின்றன. சிமென்ட்டும் சுண்ணாம்பும் காரம் நிறைந்தவை, மேல்தோலையே அரித்துவிடும். வயது ஏற ஏறத் தோல் வறண்டு சுருங்க, மிச்சமிருக்கும் கோடுகளும் தெளிவிழக்கின்றன. உடலுழைப்பில் வாழ்நாளைக் கழித்தவர்கள், முதியவர்கள், அதாவது ரேஷன் அரிசி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடம்தான் இந்தக் கருவி அதிகம் தடுமாறுகிறது. மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறவரின் விரல் ஒரே தொடுதலில் பதிந்துவிடும். கருவியை வடிவமைத்தபோது மனதில் இருந்த விரல் யாருடையது என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

பின்னர் கருவிழியைப் படிக்கும் கருவிகள் கடைகளுக்கு வந்தன. 2025 ஆகஸ்ட்டில் 'தாயுமானவர்' திட்டத்தின்கீழ் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருட்களை வீட்டுக்கே கொண்டுபோய்த் தரத் தொடங்கியது தமிழக அரசு. இரண்டுமே நல்ல திருத்தங்கள். ஆனால் அவை வருவதற்குள் எத்தனை பாட்டிகள் எத்தனை தடவை முந்தானையில் விரலைத் துடைத்திருப்பார்கள்!

அணைந்துபோன ஒரு விளக்கு

கருவி தோற்கும்போது மனிதன் ஏன் தன்னையே நொந்துகொள்கிறான்? இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டவர் டொனால்ட் நார்மன். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மனித மனத்தை ஆராய்ந்த பேராசிரியர். அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பைப் பற்றி 1988-ல் அவர் வெளியிட்ட புத்தகம் இந்தத் துறைக்கே பாலபாடம். தள்ள வேண்டிய கதவில் இழுக்கும் கைப்பிடியைப் பொருத்திவிட்டு, இழுத்தவனை முட்டாள் என்று சொல்லாதே என்பது அதன் சாரம்.

அவரை இந்தப் பாதைக்குத் தள்ளியது கதவைவிடப் பெரிய விஷயம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. மூடியிருக்க வேண்டிய ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டு, உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கான விளக்கு அணைந்திருந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்றுதான் ஊழியர்கள் புரிந்துகொண்டார்கள். உண்மையில் அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் 'மூடு' என்ற கட்டளை போய்விட்டது என்பது மட்டுமே. வால்வு அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததா என்று அதற்குத் தெரியாது. முதலில் ஊழியர்கள் மேல்தான் பழி விழுந்தது. ஆய்வுக்கு அழைக்கப்பட்டவர்களில் நார்மனும் ஒருவர். அந்தக் கட்டுப்பாட்டு அறையின் அமைப்பே தவறுக்கு வழி வைத்திருந்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

கட்டளை போனது வேறு, காரியம் நடந்தது வேறு. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள அணு உலை வரைக்கும் போக வேண்டியதில்லை. மளிகைக் கடையில் செல்போனை நீட்டியபடி, "என் அக்கவுண்ட்ல எடுத்துட்டாங்க, உங்களுக்கு வரலையா?" என்று கேட்டு நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

நம் வீட்டுச் சுவரிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரே பலகையில் ஒரே மாதிரியாக எட்டு சுவிட்சுகள். எது விளக்கு, எது ஃபேன், எது வாசல் பல்பு? வீட்டுக்காரருக்குப் பழகிவிட்டது. விருந்தாளியோ ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தூங்கும் குழந்தையின் ஃபேனை நிறுத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பில் இந்தக் குழப்பம் இல்லை. இடது பர்னருக்கு இடது திருகு, வலதுக்கு வலது. யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. அதையே நான்கு பர்னர் ஆக்கி, நான்கு திருகுகளையும் முன்புறம் வரிசையாக வைத்துவிட்டால், பின்னால் இருக்கும் பர்னருக்கு எது என்று குனிந்து படம் பார்க்க வேண்டியதாகிவிடுகிறது.

மூணு விசில்

சமையலறைக் கருவிகள் கற்றுத்தரும் பாடம் இன்னும் ஆழமானது. பிரஷர் குக்கரைப் பாருங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாத, திறந்தால் ஆபத்தான பாத்திரம் அது. ஆனாலும் அதைப் பார்த்து இன்று யாரும் பயப்படுவதில்லை. காரணம், அந்த விசில். பருப்புக்கு மூணு, கறிக்கு ஆறு என்று வீட்டுக்கு வீடு கணக்கு உண்டு. அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார். காது மட்டும் அடுப்படியில் இருக்கும். "எத்தனை விசில்டா ஆச்சு?" என்று கேட்டால் வீட்டுப்பாடம் எழுதும் பையனிடமிருந்து பதில் வரும். கையேடு வேண்டாம், திரை வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். கருவி தன் நிலைமையைத் தானே உரக்கச் சொல்லிவிடுகிறது. கண்ணும் கையும் வேறு வேலையில் இருக்கலாம்.

மிக்ஸியின் கதை இன்னொரு விதம். 1960களின் தொடக்கத்தில் மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் வீட்டில் இருந்த வெளிநாட்டு மிக்ஸி எரிந்துபோனது. பழச்சாறு அடிக்கவும் மாவு கலக்கவும் செய்யப்பட்ட இயந்திரத்தில் நம் மசாலாவைப் போட்டால் அது என்ன செய்யும்? 'உனக்கு மிக்ஸியைப் பயன்படுத்தத் தெரியவில்லை' என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் செய்தது வேறு. இந்திய அம்மிக்கும் உரலுக்கும் ஈடுகொடுக்கும் மோட்டாரை வடிவமைக்க இறங்கினார். 1963-ல் சுமீத் நிறுவனம் பிறந்தது. மிளகாயும் மஞ்சளும் அரிசி மாவும் அரைபட வேண்டும் என்பதே அங்கே முதல் நிபந்தனை. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் அந்தப் பெயர் எத்தனை ஆண்டுகள் மிக்ஸிக்கே மறுபெயராக இருந்தது என்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்.

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டரும் இதே வழியில்தான் மாறியது. கை வலிக்க ஆட்டுரலைச் சுற்றிய வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. ஆனால் மாவை வழிக்கக் கனமான கல்லைத் தூக்க வேண்டிய கஷ்டம் மிச்சமிருந்தது. அடுத்து வந்தது சாய்க்கும் கிரைண்டர். பாத்திரமே கவிழ்ந்து மாவைக் கொட்டியது. முன்பு பெண்ணின் முதுகு வளைந்த இடத்தில் இப்போது இயந்திரம் வளைந்தது. சொல்லப்போனால், நல்ல வடிவமைப்புக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேடினாலும் கிடைக்காது.

ஷில்லாங்கில் பிறந்தவரும் நான்கு எண்களும்

ஏ.டி.எம்.முக்கு வருவோம். உலகின் முதல் பணம் தரும் இயந்திரம் 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்ட் பகுதியில், பார்க்லேஸ் வங்கிக் கிளையில் நிறுவப்பட்டது. அதற்குக் காரணமான ஜான் ஷெப்பர்ட் பாரன் பிறந்தது நம் ஷில்லாங்கில். ரகசிய எண்ணுக்கு முதலில் ஆறு இலக்கங்கள் வைக்கத்தான் அவர் நினைத்திருந்தார். சமையலறை மேஜையில் மனைவியிடம் கேட்டபோது, தன்னால் நான்கு இலக்கங்களைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றார் அவர். நான்கே முடிவானது. இது ஷெப்பர்ட் பாரனே பின்னாளில் சொன்ன கதை. பல நாடுகளில் இன்றும் ரகசிய எண் நான்கு இலக்கம்தான்.

ஆரம்ப காலத்தில் பல இயந்திரங்கள் பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, கார்டைக் கடைசியில் நீட்டின. ஜனங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு கார்டை மறந்து போனார்கள். வந்த காரியம் முடிந்ததும் மனம் கிளம்பிவிடுகிறது. அது மனித இயல்பு. 'கார்டை மறக்காதீர்கள்' என்று எத்தனை அறிவிப்பு ஒட்டினாலும் பெரிய பயன் இருந்திருக்காது. வரிசையை மாற்றினார்கள். முதலில் கார்டு, பிறகு பணம். மறதிக்காரர்களைத் திருத்த முனையாமல் இயந்திரத்தைத் திருத்தியதால் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் அந்த ஏ.டி.எம்.களில் பல இன்றும் ஒரு வேண்டாத கேள்வியைக் கேட்கின்றன. சேமிப்புக் கணக்கா, நடப்புக் கணக்கா? கார்டைக் கொடுத்த வங்கிக்கு அது தெரியாதா? 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரத் தொடங்கியது. தன் பெயரில் வந்த பணத்தைத் தன் கையால் எடுக்க முதன்முறையாக ஏ.டி.எம். வாசலில் நின்ற பெண்கள் அவர்களில் எவ்வளவோ பேர். 'நடப்பு' என்ற சொல்லைப் பார்த்து, இந்த மாதப் பணம் அதில்தான் இருக்கும் என்று ஒரு பெண் நினைத்தால் அது அறியாமையா? தமிழ் தெரிந்தவர் அப்படித்தானே படிப்பார்?

குழம்பும் அந்த அரை நிமிடத்தில்தான் ஆபத்து பக்கத்தில் வந்து நிற்கிறது. "குடுங்கம்மா, நான் எடுத்துத் தரேன்" என்று உதவ வருவதுபோல் வந்து, ரகசிய எண்ணைத் தெரிந்துகொண்டு, கார்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் மோசடி செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. 'முன்பின் தெரியாதவரிடம் கார்டைக் கொடுக்காதீர்கள்' என்று காவல்துறை எச்சரிக்கிறது. சரியான எச்சரிக்கைதான். கார்டைக் கொடுக்க வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளிய திரையை யாராவது எச்சரிக்க வேண்டாமா?

பூக்காரம்மாவின் காது

இந்தியாவில் யு.பி.ஐ. 2016-ல் வந்தது. 2025 ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. இவ்வளவு வேகமாகப் பரவியதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், கடைத்தெருவில் நின்று பார்த்தால் சின்னதாக ஒரு பெட்டி கண்ணில் படும். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவின் இரண்டு கையும் நாரில் இருக்கும். கண் மல்லிகையில் இருக்கும். பணம் வந்ததா என்று போனை எடுத்துத் திறந்து பார்க்க அவரால் முடியாது. படிக்கத் தெரியாதவர் என்றால் திறந்தும் பயனில்லை. எவனாவது போலியான ஒரு படத்தைக் காட்டிவிட்டுப் பூவோடு போய்விடலாம். அந்தப் பெட்டி, வந்த தொகையைத் தமிழில் சொல்லிவிடுகிறது. பணம் வந்து சேர்ந்த பிறகுதான் சொல்கிறது. கட்டளை போனதற்கும் காரியம் நடந்ததற்கும் இடையே இருந்த பள்ளத்தை ஒரு குரல் மூடிவிட்டது. குக்கர் விசிலுக்கு அடுத்தபடியாக நம் காது நம்பும் ஓசை இன்று இதுதான்.

அதே யு.பி.ஐ.யில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி. "உங்களுக்குப் பணம் அனுப்புறேன், வர்ற மெசேஜை அழுத்தி பின் போடுங்க" என்பான் மோசடிக்காரன். பழைய கட்டிலை இணையத்தில் விற்கப் போட்டவர், வரப்போகும் பணத்துக்காக ரகசிய எண்ணைப் போடுவார். பணம் வராது, போகும். பணம் பெற ரகசிய எண் தேவையில்லை என்று வங்கிகள் ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்தன. வருவதற்கும் போவதற்கும் திரை ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தால் அவசரத்தில் அந்த விளம்பரம் யாருக்கு நினைவு வரும்? கடைசியில், தனிநபர்கள் ஒருவருக்கொருவர் இப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம். கதவில் எச்சரிக்கை ஒட்டிக்கொண்டே இருந்தவர்கள் ஒருவழியாகக் கதவை மாற்றினார்கள்.

நீலப் பொத்தான்

நம் நாட்டில் ஏறக்குறைய எல்லோரும் பயிற்சியே இல்லாமல் பயன்படுத்தும் மின்னணுக் கருவி ஒன்று உண்டு. அதுவும் ஐந்து வருஷத்தில் சில முறைதான் கை படும். வாக்குப்பதிவு இயந்திரம். சின்னத்துக்குப் பக்கத்தில் நீலப் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், நீளமாக 'பீப்' ஒலிக்கும். முடிந்தது. பார்வையற்றவருக்குப் பக்கத்திலேயே பிரெய்ல் எண்கள். ஒப்புகைச் சீட்டு இயந்திரம் சேர்ந்த பிறகு, போட்ட ஓட்டைச் சீட்டில் ஏழு விநாடி கண்ணாலும் பார்க்கலாம். 1982-ல் கேரளத்தின் பறவூர் தொகுதியில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட இந்தக் கருவியின் உருவாக்கத்தில், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த ரங்கராஜனுக்கு முக்கியப் பங்கு உண்டு. தமிழ் வாசகர்களுக்கு அவர் எழுத்தாளர் சுஜாதா. கடினமான விஞ்ஞானத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் எழுதியவரின் கை பட்ட கருவி, படிக்காதவருக்கும் வசப்படுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

அந்த இயந்திரத்தில் ஒரு சொல்லைக்கூடப் படிக்காமல் வேலையை முடித்துவிடலாம். இதற்கு நேர் எதிராக நிற்பவை செல்போன் செயலிகளும் அரசு இணையதளங்களும். தமிழில் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் 'சமர்ப்பி', 'உள்நுழை', 'அங்கீகரி', 'மீட்டமை' என்று சொற்கள் வந்து நிற்கின்றன. தமிழாசிரியருக்கே ஒரு கணம் தயக்கம் வரும். 'அனுப்பு', 'உள்ளே போ', 'சரி', 'முதலிலிருந்து' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? போதாக்குறைக்கு ஓ.டி.பி. வேறு. ஆறு இலக்கம், ஆங்கிலத்தில் எச்சரிக்கை, சில நிமிட அவகாசம். கிராமத்தில் இருக்கும் அப்பாவின் கணக்குக்கான எண் பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் போனுக்கு வருகிறது, மகன் மீட்டிங்கில் இருக்கிறான், அவகாசம் முடிந்துவிடுகிறது.

ஜனங்கள் தாங்களாகவே கண்டுபிடித்த வழிகளைப் பார்த்தாலே வடிவமைப்பாளர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். மிஸ்டு கால் அப்படி ஒன்று. வாசலுக்கு வந்துவிட்டேன், வீடு போய்ச் சேர்ந்துவிட்டேன், கூப்பிடு என்று எல்லாவற்றையும் காசில்லாமல் அதிலேயே சொன்னார்கள். அந்தப் பழக்கத்தைக் கவனித்ததால்தான் இன்று கேஸ் சிலிண்டரையே மிஸ்டு கால் கொடுத்துப் பதிவு செய்ய முடிகிறது. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி 2013-ல் வந்தது. தமிழில் தட்டச்சு செய்யத் தடுமாறிய பாட்டிகள் மைக்கை அழுத்திப் பிடித்து, துபாயில் இருக்கும் பேரனிடம் "சாப்டியா சாமி?" என்று கேட்கப் பழகிக்கொண்டார்கள். 2017 ஆகஸ்ட்டில் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் வந்தது. யாரும் வகுப்பெடுக்கவில்லை.

மிச்சப் பேருக்கு உதவுவது மனிதர்கள்தான். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண், தெருமுனை மொபைல் கடைப் பையன், பத்தாம் வகுப்புப் பேத்தி. விண்ணப்பம் 'ஆன்லைன்' ஆகிவிட்டது என்று அறிவிப்பு வருகிறது. நடைமுறையில் அது இவர்கள் விரல் வழியாகத்தான் நடக்கிறது. இவர்களுடைய உழைப்பு எந்தத் திட்டக் கணக்கிலும் வருவதில்லை. ஒருவரின் ஆதார் எண், ரகசிய எண், வங்கி இருப்பு எல்லாம் இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது என்பதும் கணக்கில் வருவதில்லை. பேத்தியின் கையில் என்றால் பரவாயில்லை. எல்லோருக்கும் பேத்தி பக்கத்தில் இல்லை.

நவம்பர் மாதத்தை ஓய்வூதியர்கள் மறக்க மாட்டார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களில் பெரும்பாலோர் தாங்கள் உயிரோடு இருப்பதற்கான வாழ்நாள் சான்றிதழைக் கொடுக்க வேண்டிய மாதம் அது. ஒரு காலத்தில் வங்கி வரைக்கும் கைத்தாங்கலாக நடக்க வேண்டியிருந்தது. 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்ற மின்னணு முறை வந்தது. அதற்கும் விரல் ரேகை கேட்டார்கள். எழுபதைத் தாண்டிய விரல் பதிய மறுத்தது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வழி செய்தார்கள். சொல்லி அனுப்பினால் 70 ரூபாய்க்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிவு செய்து தருகிறார்.

திண்ணையில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார் தபால்காரர். போனை முகத்துக்கு நேரே பிடித்து, "வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க ஐயா" என்கிறார். "இப்ப கண்ணைச் சிமிட்டுங்க." பெரியவர் சிமிட்டுகிறார். திரையில் ஏதோ ஆங்கிலத்தில் வருகிறது. அது பெரியவருக்கு எட்டாத எழுத்து. அவர் திரையைப் பார்க்கவில்லை. தபால்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஆயிடுச்சு ஐயா."

"நல்லாப் பாரு தம்பி, ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. அடுத்த வருஷம் வர்றேன்."